அவர் சொன்ன ரஹ்மத்

தென்காசி பஸ் ஸ்டாண்டில், சுரண்டை வழியாகப் போகும் பஸ்கள் நிற்கும் பக்கத்தில் ரஹ்மத்துன்னிசா ஒதுங்கியது மழைக்காக. மழை என்று சொல்லவும் முடியாது. குற்றாலத்துச் சாரல் காற்றோடு இங்கே வரைக்கும் வந்து தூறிவிட்டுப் போவதுதான். தைப்பதற்கு வாங்கிய லைனிங் துணி நனைந்துவிடக் கூடாதென்று பையைப் பர்தாவுக்குள் இழுத்துக்கொண்டிருந்தபோது யாரோ அவள் கையைப் பிடித்தார்கள்.

"நீங்க ரஹ்மத்துதான? நம்ம ரபீக் தம்பி வீட்டுக்காரி?"

ஐம்பதைத் தாண்டிய பெண். நெற்றி நிறையக் குங்குமம், பளிச்சென்ற பச்சைச் சேலை. முகமெல்லாம் சிரிப்பு. ரஹ்மத் தலையை ஆட்டினாள். தன் கணவரை 'நம்ம ரபீக் தம்பி' என்று உரிமையாகச் சொல்ல, தனக்குத் தெரியாத ஒரு ஆள் இந்த ஊரில் இருப்பாள் என்று அவள் நினைத்ததில்லை.

"போன்ல உங்க போட்டோவக் காட்டியிருக்காரு. அதான் பாத்ததும் கண்டுபிடிச்சேன். எம்மா, உங்கள ஒரு தடவயாவது பாக்கணும்னு எத்தன நாளா நெனச்சேன் தெரியுமா? கால் புண்ணு ஆறிட்டா அவருக்கு? நீங்கதான் தெனமும் தண்ணில ஊற வச்சு, எண்ண போட்டுத் தேச்சு விடுதியளாமே. கூட்டத்துல அவரு அதச் சொல்லும்போது எங்களுக்குல்லாம் கண்ணு கலங்கிரும்."

எந்தக் கூட்டம் என்று கேட்க வாயெடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே அவள் திரும்பிச் சத்தம் போட்டாள். "நான் மூக்கம்மா, வீகேபுதூரு. ஞாயித்துக்கிழம குத்தாலத்துல வச்சிருக்கோம். போன சீசன்ல நம்மள வெளிய போகச் சொன்னான்லா, அதே லாட்ஜுல! நீங்களும் கண்டிப்பா வரணும், என்ன?" அவள் பஸ் படியேறும்போதுதான் ரஹ்மத் அந்தக் கைகளைச் சரியாகப் பார்த்தாள். விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. கம்பியை உள்ளங்கையாலும் மணிக்கட்டாலும் அணைத்துப் பிடித்து, பழகிய லாகவத்தோடு ஏறி உள்ளே போய்விட்டாள் மூக்கம்மாள்.

அந்த விரல்கள் என்னவென்று ரஹ்மத்துக்குத் தெரியாமலில்லை. அதற்கான சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தாள். வழி முழுக்க அவள் மனதில் ஓடியது நோயைப் பற்றியல்ல. தினமும் எண்ணெய் தேய்த்துவிடும் அந்த மனைவி யார்? தன் போட்டோவைக் காட்டி, தன் பெயரைச் சொல்லி, அவர் வேறு எவளைப் பற்றியோ பேசிக்கொண்டு திரிகிறாரா? சவூதியில், தமாமில் அவரோடு வேலை பார்த்த எவனோ ஒருவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்திருந்த கதை நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் கை கழுவினாள். வெளியே போய்வந்தால் எப்போதும் கழுவுகிறவள்தான். ஆனால் சோப்பை இரண்டாம் தடவை எடுத்தோமா என்று பிற்பாடு யோசித்தபோது அவளுக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

போன வருடம் சாரல் முடிகிற சமயத்தில், கம்பெனியில் ஆளைக் குறைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ரபீக் திடீரென்று வந்து நின்றார். பெட்டிகூட முழுசாகக் கொண்டுவரவில்லை. வந்த சில நாளிலேயே சுகர் இருக்கிறது என்றார். கால் புண் ஆறாது, மாத்திரையை விடக்கூடாது, உடம்புச் சூட்டுக்குக் காற்றாடப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்று மாடி அறைக்குப் படுக்கையை எடுத்துப் போனார். ரஹ்மத் எல்லாவற்றையும் நம்பினாள். நம்பினாள் என்பதைவிட, நம்பி வேலையில் இறங்கினாள் என்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அந்த வீட்டில் டீக்குச் சர்க்கரை கிடையாது. பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகிற எவரிடமாவது சொல்லிவிட்டுப் பாகற்காயாக வாங்கிக் குவித்தாள். பொரியல், புளிக்குழம்பு, வெறும் வயிற்றில் சாறு. மகள் ஹஸீபா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். ரபீக் ஒரு வார்த்தை சொல்லாமல் அத்தனையையும் குடித்தார். வெயிலில் வேலை பார்த்தபோதுகூட அப்படியொன்றும் கறுக்காதவர் வீட்டுக்குள் இருந்தபடியே கறுத்துக்கொண்டு வந்தார். அதைச் சுகர் என்றே அவளும் பக்கத்து வீடுகளில் சொல்லி வந்தாள்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அவர் வந்தபோது ஹஸீபா டியூஷனுக்குப் போயிருந்தாள். ரஹ்மத் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமலே கேட்டாள்.

"மச்சான், உங்க காலத் தேச்சு விடுதது யாரு?"

அவர் சட்டையைக் கழற்றப் போன கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது.

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தாமல் சொன்னார். விசா புதுப்பிக்க மெடிக்கல் எடுத்தபோது முதுகில் இருந்த உணர்ச்சியில்லாத தேமலைப் பார்த்துவிட்டார்கள். அங்கே அந்த நோய் என்றால் அடுத்த விமானம்தான். இங்கே வந்து பெரியாஸ்பத்திரியில் காட்டினார். ஒரு வருடம் மாத்திரை, இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. மாத்திரை தொடங்கின கையோடு ஒட்டுகிற பயமெல்லாம் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உடம்பு கறுத்தது மாத்திரையால், நாளாவட்டத்தில் நிறம் திரும்பிவிடும். இடது உள்ளங்காலில் மட்டும் உணர்ச்சி கிடையாது, அது திரும்பாது. மாத்திரை வாங்கப் போன இடத்தில் மூக்கம்மாள் பேச்சுக் கொடுத்து, தங்கள் சங்கத்துக்குக் கூட்டிப்போனாள். எல்லாம் அந்த நோய் வந்து குணமானவர்கள். அவர்களே கூடி, அவர்களே நடத்துகிற சங்கம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிருவேன்னு பயந்தேன்."

"சரி. அங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கைவிரலால் தரையில் எதையோ வரைந்துகொண்டிருந்தார். "மொத நாளு எல்லாரும் அவங்கவங்க கதையச் சொன்னாங்க. பொண்டாட்டி போனது, புருசன் போனது, மகன் தட்ட வெளிய எடுத்து வச்சது. என் முற வந்துச்சு. எனக்கு வாயில வந்தது அதுதான், ரஹ்மத். எம் பொண்டாட்டிகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன், அவதான் பாத்துக்கிடுதான்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அடுத்த கூட்டத்துல 'ரஹ்மத் எப்படி இருக்கா'ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல? சொல்லச் சொல்ல எனக்கே நெசம் மாதிரி ஆயிட்டு."

ரஹ்மத்துக்கு எதன்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபம் இருந்தது, அது நிச்சயம். மறைத்ததற்கா, பாகற்காய்ச் சாற்றைக் குடித்துக்கொண்டே தன் முகத்தைப் பார்த்ததற்கா, இல்லை, எங்கோ ஒரு ஹாலில் தன்னைவிட நல்லவளாக ஒரு ரஹ்மத்தைக் கட்டிக்கொண்டு வாழ்ந்ததற்கா? அன்றைக்கே சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள். காலைத் தேய்த்து விட்டிருப்போமா? உம்மா வீட்டுக்கு ஓடியிருப்போமா? இரண்டுமே தான்தான் என்று தோன்றியது. இரண்டும் இல்லை என்றும் தோன்றியது. அதைத் தெரிந்துகொள்வதற்கு இருந்த ஒரே நாள், தனக்குத் தெரியாமலே கடந்துபோய்விட்டது.

கோபத்தில் ஒரு காரியம் செய்தாள். கடையநல்லூரில் இருக்கும் அண்ணன் பீர் மைதீனுக்குப் போன் போட்டாள். "மச்சான் எங்கிட்டப் பொய் சொல்லிட்டாரு காக்கா" என்றுதான் தொடங்கினாள். என்ன பொய் என்று அவர் கேட்டார். சொன்னாள். மறுநாள் காலையில் கார் வாசலில் நின்றது.

பீர் மைதீன் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று பேசினார். கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கி, குடிக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்தார். "துணிமணிய எடுத்துக்கிட்டு ஹஸீபாவக் கூப்பிட்டு வண்டில ஏறு. வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். புருசனுக்கு இந்த நோய் இருந்தா பொம்பளயே கேட்டுப் பிரிஞ்சுக்கிடலாம்னு நம்ம சட்டத்துலயே இருக்காம்."

"நோய்க்காக இல்ல காக்கா. பொய் சொன்னாரு. அதான் எனக்கு."

"பொய்யி! எந்த ஆம்பள பொய் சொல்லல? நான் உங்க மைனிகிட்ட சொல்லாத பொய்யா? அதுக்குன்னு யாராவது வீட்ட விட்டு வருவாளா? ஏட்டி, நாளைக்குப் புள்ளைக்கு மாப்பிள்ள பாக்கணும். அத யோசி."

ரபீக் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. ரஹ்மத் 'ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுதேன்' என்று அண்ணனை அனுப்பிவைத்தாள். கார் போன பிறகு ஜன்னல் விளிம்பில் இருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குடிக்காமல் வைத்தது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் மாடிக்குப் போகும் தட்டை நேற்றிலிருந்து தானும்தான் தனியாகக் கழுவி வைக்கிறாள். தனியாக வைக்க வேண்டும் என்று எண்ணி வைக்கவில்லை. கை வைத்துவிட்டது.

அன்று மத்தியானமே மூக்கம்மாளும் வந்துவிட்டாள். ரபீக் போனில் சொல்லியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பார்த்த சிரிப்பு இல்லை. "தப்புப் பண்ணிட்டேம்மா" என்றாள் வாசலிலேயே. "எங்க சங்கத்துல ஒரு ஆளோட விசயத்த அவுக சொல்லாம வெளிய சொல்லக் கூடாதுன்னு நாந்தான் எல்லாருக்கும் படிச்சுப் படிச்சுச் சொல்லுவேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சு வாய விட்டுட்டேன்." உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். மாத்திரையைப் பற்றி, ஒட்டாது என்பதைப் பற்றி, வீட்டில் உள்ளவர்களும் ஒரு தடவை உடம்பைக் காட்டிவிட்டு ஒரு வேளை மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றிப் பேசினாள். ரஹ்மத் குறுக்கே கேட்டாள்.

"சட்டத்துல இடம் இருக்குன்னு எங்க அண்ணன் சொல்லுதாரு. நெசமா?"

"இருந்துச்சு. எங்க நோவோட பேரு அதுல இருந்தது நெசந்தான். இப்ப இல்ல, எடுத்தாச்சு. அந்த ஒரு வார்த்தய எடுக்கச் சொல்லி எங்காளுக ஊரு ஊரா எத்தன மனு போட்டிருப்பாக! உங்க அண்ணன் கேட்ட வக்கீலு பழைய புஸ்தகம் வச்சிருக்காரு போல."

"எடுத்துட்டா? நான் போக முடியாதா?"

மூக்கம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "போகலாம்மா. யாரு தடுப்பா? வேற காரணம் சொல்லிப் போகலாம். எங்க நோவச் சொல்லிப் போக முடியாது, அவ்வளவுதான்."

"எங்கிட்ட இருக்கது வேற காரணந்தான். அவரு பொய் சொன்னாரு."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தாம்மா சொல்லுவாக." குரலில் குத்தல் இல்லை, களைப்புதான் இருந்தது. "எங்க வீட்டுக்காரரும் நோவச் சொல்லல. கஞ்சி ஆறிப்போயிருக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

அண்ணனும் நம்பவில்லை, இவளும் நம்பவில்லை. இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றுகொண்டு ஒரே மாதிரி பார்க்கிறார்களே என்று ரஹ்மத்துக்கு அலுப்பாக வந்தது. மூக்கம்மாள் போன பிறகுதான் பயம் பிடித்தது. ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் உண்மையோ? பொய் என்பது தான் பிடித்துக்கொண்டிருக்கும் சாக்குதானோ? சுகர் என்றே வைத்துக்கொள்வோம். ஏதோ காரணத்துக்காகச் சுகரை மறைத்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா? வந்திருக்கும். வந்திருக்காது.

மறுநாள் ஹஸீபாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளையிடம் ஸ்கூலில் கேட்டிருக்கிற செக்கப் என்றாள். சொன்ன பிறகுதான் தானும் பொய் சொல்வது உறைத்தது. நர்ஸ் இருவர் உடம்பையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் தொடுகிற இடத்தை விரலால் காட்டச் சொன்னாள். ஹஸீபா கிச்சுகிச்சு மூட்டியது போலச் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சரியாகக் காட்டினாள். ரஹ்மத்தின் முறை வந்தது. கண்ணை மூடினாள். முழங்கையில் மெல்ல ஏதோ படுவது தெரிந்து, அங்கே என்று காட்டினாள்.

"இன்னும் தொடவே இல்லம்மா" என்றாள் நர்ஸ்.

இருவருக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே நின்று, "ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்று மேலே பார்த்துச் சொன்னாள். மேலே கட்டில் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தாள். ஏறிப்போய்ப் பார்ப்போமா என்று ஒரு காலைப் படியில் வைத்தவள், அடுப்பில் பால் இருப்பது நினைவுக்கு வந்து திரும்பிவிட்டாள். பால் பொங்கியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரபீக் கிளம்பும்போது அவளும் பர்தாவை மாட்டினாள். "நீ எதுக்கு?" என்றார் அவர். "வரச் சொன்னாங்கல்லா" என்றாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவரை அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்கவா, அந்த இன்னொரு ரஹ்மத்தைப் பார்க்கவா? குற்றாலம் பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் போனார்கள். சீசன் கூட்டம். துண்டும் எண்ணெய் வழியும் தலையுமாக ஆட்கள் ரோட்டை அடைத்து நடந்தார்கள். பேரருவியில் தண்ணீர் அதிகம், குளிக்க விடவில்லை என்று கண்டக்டர் சொல்ல, பஸ் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது.

லாட்ஜ் ஐந்தருவி போகும் ரோட்டில் இருந்தது. போன சீசனில் சங்கம் இதே ஹாலைப் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தபோது, கைகளையும் கால் ஊற வைக்கும் பிளாஸ்டிக் பேசின்களையும் பார்த்த மேனேஜர் மற்ற கஸ்டமர்கள் போய்விடுவார்கள் என்று வெளியே அனுப்பிவிட்டார். அவர்கள் போகவில்லை. லாட்ஜ் முன்னால் ரோட்டிலேயே ஜமுக்காளத்தை விரித்துக் கூட்டத்தை நடத்தினார்கள். பிறகு மனு, விசாரணை, மறுபடி மனு என்று ஒரு வருடம் அலைந்து, இந்தச் சீசனுக்கு அதே ஹாலைச் சங்கத்தின் பெயரிலேயே வாடகைக்கு வாங்கியிருந்தார்கள். இப்போது அந்த மேனேஜர் வாசலில் நின்று, கும்பிடுவதா கை கொடுப்பதா என்று புரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்துகொண்டிருந்தார்.

உள்ளே போனதும் ரஹ்மத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். "இதான் ரஹ்மத்தா!" "எம்மா, நல்லாருக்கியளா?" ஒரு கிழவர் தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். மடங்கிய விரல்களும் மழுங்கிய விரல்களும் முழு விரல்களுமாகக் கைகள் அவள் கையைப் பிடித்துப் பிடித்து விட்டன. ரஹ்மத் எல்லோருக்கும் சிரித்தாள். அவர்கள் வரவேற்பது தன்னை அல்ல என்று சொல்லவும் முடியவில்லை. அந்தக் கைகள் பிடித்திருந்ததென்னவோ அவள் கையைத்தான். ரபீக் ஒரு மூலையில் பேசின்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் மும்முரமாக இருந்தார். மூக்கம்மாள் மட்டும் கிட்டே வராமல் அவளையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு இளம்பெண், கழுத்தில் புதுத் தாலியின் மஞ்சள் மாறாதவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இசக்கிச்செல்வி என்று பெயர் சொன்னாள். கையில் ஒரு தழும்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "எக்கா, உங்களாலதான் நான் எங்க வீட்டுல சொன்னேன்" என்றாள். "ரபீக் அண்ணன் உங்களப் பத்திச் சொன்னத மனசுல வச்சுக்கிட்டு, வாரது வரட்டும்னு சொல்லிட்டேன்."

"உங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு?"

"மொதல்ல பேச்சே இல்ல. அவுக அம்மா வீட்டுக்குப் போயிட்டாரு. பெறகு அவராவே வந்துட்டாரு. இந்தா, இப்ப வெளிய பைக்கு பக்கத்துல நிக்காரு. உள்ள வர வெக்கமாம்."

ரஹ்மத் ஜன்னல் வழியே பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் சாரலில் நின்றுகொண்டிருந்தான். இப்படி ஒரு ஆளை அந்தப் பொய் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது.

கூட்டம் தொடங்கும் முறை விசித்திரமாக இருந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, பேசினில் காலை நனைய விட்டுக்கொண்டார்கள். கால் ஊறும் நேரத்தில்தான் பேச்சு. ஊறி முடிந்ததும் ஒருவர் காலை ஒருவர் எடுத்து, வெடிப்பும் புண்ணும் இருக்கிறதா என்று பார்த்து எண்ணெய் போடுவார்களாம். ரபீக்கின் பாதத்தைத் தண்ணீருக்குள் ரஹ்மத் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பாதத்தை இப்படி உற்றுப் பார்த்ததில்லை. வெளிறி, ஊதி, யாருடையதோ போல இருந்தது.

பழைய செயலாளர் உடம்புக்கு முடியாமல் விலகியிருந்தார். புதுச் செயலாளராக ரபீக்கைப் போடலாம் என்று பேச்சு. கையெழுத்துப் போடவும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கவும் தெம்புள்ள ஆள் என்றார்கள். அப்போது யாரோ, "அதுக்கு முன்ன அவரு வீட்டுக்காரி ரெண்டு வார்த்த பேசட்டும்!" என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அவுகள விடுங்கப்பா, இன்னைக்குத்தான் மொத மொதல்ல வந்திருக்காக" என்று மூக்கம்மாள் அவசரமாகச் சொன்னாள். அதற்குள் ரஹ்மத் எழுந்துவிட்டாள். எழுந்தது ஏன் என்று தெரியவில்லை. உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தபோது வாய் பேசத் தொடங்கியிருந்தது.

"நான் அவரு காலத் தொட்டதே இல்ல."

ஹாலில் எல்லோரும் ரபீக்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட சுகர்னுதான் சொன்னாரு. நான் தெனமும் பாவக்காச் சாறு புழிஞ்சு குடுத்தேன். அவரும் குடிச்சாரு." பின்னாலிருந்து ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அது தொற்றிக்கொண்டது. ஒரு கணம் பாதி ஹால் சிரித்தது. ரஹ்மத்தின் உதடும் துடித்தது, சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாமல். "அவரு சொன்ன ரஹ்மத்து நானில்ல. நீங்க கண் கலங்கினது எனக்காகவும் இல்ல. இந்த வாரந்தான் எனக்குத் தெரியும். எங்க அண்ணன் வந்துருன்னு சொல்லுதாரு. மூக்கம்மாக்கா வேற மாதிரி சொல்லுதாக. நான் என்ன செய்யப்போறேன்னு எனக்குத் தெரியல. அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள். இசக்கிச்செல்வி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் எத நம்பிச் சொன்னேன்?" என்றாள். கேள்வி ரஹ்மத்திடமா, தனக்குத்தானா, தெரியவில்லை.

செங்கோட்டைக்காரர், கடற்கரை அண்ணாச்சி என்று எல்லோரும் கூப்பிட்ட பெரியவர்தான் முதலில் பேசினார். "கலெக்டர் ஆபீசுல போயி நமக்காகப் பேசப்போற ஆளு, வீட்டுலயே பேசலன்னா எப்படி? இவரு வேண்டாம்."

"வீட்டுல பேசுததுதான் அண்ணாச்சி கஷ்டம்" என்றாள் ஒரு பெண். "கலெக்டரு என்ன, காலைல எந்திச்சா அவரு மொகத்துலயா முழிக்கப்போறோம்?"

"அப்ப நீ வீட்டுல சொல்லிட்டியா?"

அவள் பேசினைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மகனுக்கு இன்னும் தெரியாது என்று முணுமுணுத்தாள். மருமகளுக்குத் தெரியாது என்றது இன்னொரு குரல். தீக்காயம் என்று சொல்லி வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். ரோட்டில் உட்கார்ந்து லாட்ஜையே பணிய வைத்தவர்கள், தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக் கதவு வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடற்கரை விடவில்லை. பயந்தது வேறு, கூட்டத்தையே ஏமாற்றிக் கை தட்டு வாங்கியது வேறு என்றார். அதுவும் சரியென்றே ரஹ்மத்துக்குப் பட்டது. எல்லாமே சரியென்று பட்டது.

ரபீக் எழுந்து நின்றார், பேசினுக்குள்ளேயே. "கடற்கரை அண்ணாச்சி சொல்லுதது சரி. நீங்க என்ன முடிவு பண்ணுனாலும் சரி" என்றார். பிறகு ரஹ்மத்தைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பார்வையா, குற்றம் சாட்டுகிற பார்வையா, இல்லை, முதுகிலிருந்து மூட்டையை இறக்கியவனின் பார்வையா? எத்தனையோ வருடம் வருடத்துக்கொரு மாதம் மட்டுமே பார்த்த முகம். அதைப் படிக்க அவளுக்கு இன்னும் பழகவில்லை.

"பேசுனது போதும். கை தூக்கிருவோம்" என்றாள் மூக்கம்மாள். ரஹ்மத்திடம் வந்து தணிந்த குரலில், "நீங்க செத்த நேரம் வெளிய இருங்கம்மா. உறுப்பினர் மட்டுந்தான் இருக்கலாம்" என்றாள். பிறகு, போகிறவளின் தோளை முழங்கையால் லேசாகத் தொட்டு, "அன்னைக்கு நீங்க பொய்யின்னு சொன்னத நான் சரியாக் கேக்கல" என்றாள்.

ரஹ்மத் வெளியே வந்தாள். பைக் பக்கத்தில் நின்ற இளைஞன் அவளைப் பார்த்து, "முடிஞ்சிட்டாக்கா?" என்றான். இன்னும் இல்லை என்று தலையாட்டினாள். சாரல் திசை மாறி, வராந்தாவுக்குள் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மூக்கம்மாளின் குரல், "வேணும்கிறவுக தூக்குங்க" என்றது. யாரோ எதற்கோ ஆட்சேபித்தார்கள்.

வராந்தா ஓரத்தில் கழற்றிப் போட்ட செருப்புகள் நனைந்துகொண்டிருந்தன. அத்தனையும் கறுப்பு. மெத்தென்ற ரப்பரில், குதிகாலுக்கு வார் வைத்து, ஒன்றுபோல ஆஸ்பத்திரியில் கொடுத்தவை. ரபீக்கினுடையதை மட்டும் எடுத்து உள்ளே தள்ளி வைக்கலாமென்று குனிந்தாள். எது அவருடையது என்று தெரியவில்லை. ஒன்றை எடுத்துப் பார்த்தாள், சின்னது. இன்னொன்று, வார் தேய்ந்தது. அவர் காலின் அளவு என்னவென்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. மழை வலுத்தது.

"என்னக்கா தேடுதீய?" என்று கேட்டுக்கொண்டே அந்த இளைஞன் படியேறி வந்தான்.

அவள் கையிலிருந்ததைச் சுவரோரம் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள். தண்ணீரை உறிஞ்சி அது கனத்தது. அதையும் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.